டாக்டரம்மா பதில்கள்: திராட்சை நிறத்தில் ஒரு திட்டு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஐந்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன: ஹெச்.ஐ.வி.யும் அதோடு வரும் தோல், கண் தொல்லைகளும். பெரும்பாலும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று கேரள எல்லை மலைப்பாதைகளில் ஏறி இறங்குகிற வீட்டுக்காரர்கள். அதனால் பொடுகு, முடி உதிர்வு கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 46 வயது. கோட்டயத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார். ஒன்பது வருடத்துக்கு முன் ஹெச்.ஐ.வி. என்று தெரிந்தது. எனக்கும் மகளுக்கும் அப்போதே பார்த்ததில் இல்லை. கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர், உடம்பு தேறிவிட்டது என்று இரண்டு வருடம் விட்டுவிட்டார், எங்களுக்கே தெரியாது. ஆறு மாதமாக இடது பாதத்தில் கருநீலமாக நாலைந்து திட்டு. அரிப்பில்லை, வலியில்லை. ஏலக்காட்டில் அட்டை கடித்தது என்று சொல்லிவிட்டார். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு திட்டு இன்னும் பெரிதாகி, காலும் லேசாக வீங்கியிருக்கிறது. சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். கத்தி பட்டால் பரவிவிடும் என்று மாமியார் அழுகிறார். ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் தைலம் பூசச் சொல்கிறார். இது புற்றுநோயா? எங்களுக்கு ஒட்டுமா?
- பெயர் வேண்டாம், கம்பம் அருகே

பதில்: அம்மா, முதலில் ஒன்று செய்யுங்கள். நல்ல பகல் வெளிச்சத்தில் அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, வாயை அகலத் திறக்கச் சொல்லி மேல் அண்ணத்தைப் பாருங்கள். செல்போன் டார்ச் போதும். ஈறையும் பாருங்கள். அங்கே நம் பன்னீர் திராட்சையின் தோல் நிறத்தில் ஒரு படலமோ மேடோ இருக்கிறதா? கம்பத்துக்காரருக்கு அந்த நிறத்தை நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தால் டாக்டரிடம் காலோடு வாயையும் காட்டச் சொல்லுங்கள். பல பேர் காலை மட்டும் நீட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

நீங்கள் எழுதியதை வைத்து எனக்கு முதலில் தோன்றுவது கபோசி சர்கோமா. 1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் டாக்டர் எழுதி வைத்த நோய். நாங்கள் படித்த காலத்தில் அது ஐரோப்பியக் கிழவர்களின் காலில் வருவது என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும். 1981-ல் அமெரிக்காவில் வாலிபர்களுக்கு அது வரத் தொடங்கியபோதுதான், எய்ட்ஸ் என்று பின்னால் பெயர் வைத்த நோயையே உலகம் கவனித்தது. ரத்தக் குழாயின் உள்வரி செல்கள் தாறுமாறாகப் பெருகுவதால் அந்த நிறம். பின்னணியில் இருப்பது ஹெர்பீஸ் குடும்பத்து எட்டாம் நம்பர் வைரஸ். அதை 1994-ல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வைரஸ் நம் நாட்டில் குறைவு, அதனால் இந்த நோயும் இங்கே அபூர்வம். என் முப்பது வருட சர்வீஸில் நான் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது என் தப்பு. 1998 மழைக்காலம். ஓ.பி.யில் வரிசை வாசல் தாண்டி நிற்கிறது. ஏலக்காட்டு வாட்ச்மேன் ஒருவர் கணுக்காலைக் காட்டினார், கருந்திட்டு மூன்று. 'அட்டைங்கம்மா' என்றார். நானும் அட்டை என்றே நினைத்து ஸ்டீராய்டு களிம்பு எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் வந்தார், அதே களிம்பையே மறுபடி எழுதினேன். மூன்றாம் தடவை வந்தபோது செருப்பு வார் கட்ட முடியாமல் கால் வீங்கியிருந்தது. அப்போதுதான் 'வாயைத் திறங்க' என்றேன். அண்ணம் முழுக்க ஊதா. தாம்பரம் சானடோரியத்துக்கு எழுதிக் கொடுத்தோம். ஆனால் இலவசக் கூட்டு மருந்து 2004 ஏப்ரலில்தான் வந்தது. அதற்கு முன் அது ஒரு வாட்ச்மேன் வாங்கக்கூடிய மருந்தாக இல்லை. எட்டு மாதத்தில் போய்விட்டார். ஸ்டீராய்டு இந்தக் கட்டியை வளர்த்துவிடும் என்பது இன்றைக்குத் தோல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு மனப்பாடம். அதனால்தான் கேட்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் 'படைக்கு' என்று தருகிற ட்யூப் எதையாவது அவர் தடவுகிறாரா? பல ட்யூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். உடனே நிறுத்துங்கள்.

அட்டைக்கடிக்கும் இதற்கும் வித்தியாசம் சுலபம். அட்டை கடித்த இடம் நாள் கணக்கில் அரிக்கும், நடுவில் சிறு பொருக்கு இருக்கும், பிறகு மங்கிப்போகும். கன்றிப்போன ரத்தக்கட்டும் இரண்டு மூன்று வாரத்தில் நிறம் மாறி ஓடிவிடும். இது அரிக்காது, விரலால் அமுக்கினால் நிறம் மறையாது, மாதம் போகப் போகக் கூடும். கறுத்த தோலில் ஊதா தெரியாமல் வெறும் கருப்பாகவே தெரியலாம். எங்கள் ஓ.பி.க்கு ஓடிவருவது எல்லாம் அரிப்புதான். அரிக்காததை யாரும் காட்டுவதில்லை. என் கவலையே அந்த அரிக்காததைப் பற்றித்தான்.

சரி, சதை எடுப்பது. கத்தி பட்டால் பரவும் என்று உங்கள் மாமியார் மட்டும் சொல்லவில்லை, என் மாமியாரும் சொல்வார். பரவாது. என்ன செய்வார்கள் என்று சொல்கிறேன், அவரிடம் அப்படியே சொல்லுங்கள். மரத்துப்போகும் ஊசி ஒன்று, கட்டெறும்பு கடித்த மாதிரி இரண்டு நிமிஷம். பிறகு பேனா போன்ற ஒரு கருவி. முனையில் வட்டமான பிளேடு, குறுக்களவு மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர். அதைத் திட்டின் மேல் வைத்துத் திருகினால் ஒரு துண்டு வரும். ஏலக்காயை உடைத்தால் உள்ளே ஒரு விதை இருக்குமே, அவ்வளவுதான். கொஞ்சம் ரத்தம் கூடுதலாகக் கசியும், அழுத்திப் பிடித்து ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். பன்னிரண்டு பதினான்கு நாளில் பிரித்துவிடலாம். அதுவரை பாதம் நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். லாரியில் க்ளட்ச் மிதிக்கிற கால் வேறு, நாலு நாள் லீவு போடச் சொல்லுங்கள்.

எடுக்காமல் கண்ணால் பார்த்தே மருந்து கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அச்சு அசலாக இதே மாதிரி இருக்கும் இன்னொரு நோய் உண்டு. பார்டொனெல்லா என்ற பாக்டீரியா கிளப்புவது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு ஊதா முண்டு முண்டாக வரும். அது புற்றுநோயே அல்ல. டாக்ஸிசைக்ளின், எரித்ரோமைசின் போன்ற சாதாரண மாத்திரைகளில் சில மாதத்தில் போய்விடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மருந்து வேறு வேறு. அந்த ஏலக்காய் விதை அளவுத் துண்டுதான் எது என்று சொல்லும்.

கபோசி என்றே வந்தால்? முதல் மருந்து அவர் ஏற்கெனவே கையில் வைத்திருக்கிறார். ஏஆர்டி (ஹெச்.ஐ.வி. கூட்டு மருந்து) மையத்தில் தரும் அந்த ஒற்றை மாத்திரை: டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்தது. எதிர்ப்புச் சக்தி மேலே வர வர, தோலில் மட்டும் நிற்கிற திட்டுகள் பலருக்கு வேறு எதுவும் இல்லாமலே மாதக் கணக்கில் வெளுத்து அடங்கிவிடும். தைலக்காரரிடம் எனக்கு வேறு சண்டை இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறாரே, அதற்குத்தான் சண்டை. புற்றுநோய்க்கு மருந்தான ஒன்றை நிறுத்திவிட்டுப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பதாவது!

ஆனால் மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரத்தில் திட்டு பெரிதாகியிருக்கிறது என்கிறீர்கள். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். தூங்கிக்கொண்டிருந்த எதிர்ப்புச் சக்தி எழுந்து சண்டையைத் தொடங்கும்போது முதல் சில மாதம் இப்படி வீங்கிக் காட்டுவது உண்டு. மாத்திரை தொடர வேண்டும், ஆனால் இதை ஏஆர்டி டாக்டரிடம் இந்த வாரமே சொல்ல வேண்டும். வீக்கம் ஏறினாலும், வாயில் இருந்தாலும், இருமலில் ரத்தம் வந்தாலும், மலம் கறுத்துப் போனாலும், காத்திருக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நுரையீரலிலும் குடலிலும் இது வரும்.

அப்போது மாத்திரையோடு கீமோவும் சேரும். சிவப்பு மருந்து என்று வார்டில் சொல்வார்கள். டாக்ஸோரூபிசினைக் கொழுப்பு உறையில் அடைத்தது, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை டிரிப்பில் ஏறும். சிறுநீர் ஓரிரு நாள் செம்மஞ்சளாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். முடி பெரிதாகக் கொட்டாது. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரியலாம், அந்த நாட்களில் சுடுதண்ணீரும் இறுக்கமான செருப்பும் ஆகாது. இன்னொன்று பாக்லிடாக்சல், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. ஒன்றிரண்டு திட்டு மட்டும் தொந்தரவு செய்தால் ரேடியேஷன், அல்லது திட்டுக்குள்ளேயே ஊசி, அல்லது உறைய வைத்தல். இதெல்லாம் புற்றுநோய்ப் பிரிவில் முடிவாகும். அவர் ஓடுகிற ரூட்டிலேயே கோட்டயம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, இந்தப் பக்கம் தேனியும் மதுரையும். எங்கே என்பதை வீட்டில் யார் துணைக்கு இருக்க முடியும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடி வையுங்கள்.

ஒட்டுமா? புற்றுநோய் ஒட்டாது. ஒரே தட்டு, ஒரே பாய், தையல் பிரித்த காலுக்கு நீங்கள் எண்ணெய் தடவுவது, எதிலும் ஒட்டாது. அந்த எட்டாம் நம்பர் வைரஸ் எச்சில் வழியாகப் போகும் என்றாலும், எதிர்ப்புச் சக்தி நன்றாக இருப்பவர்களை அது அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. மாத்திரை சாப்பிட்டு வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கி இருப்பவரிடமிருந்து உறவின் வழியாக ஹெச்.ஐ.வி. பரவாது. ஆனால் நடுவில் இரண்டு வருடம் மாத்திரை இல்லை, உங்களுக்கும் தெரியாது. எனவே நம்பிக்கை மையத்தில் (அரசின் ஹெச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையம்) நீங்கள் இப்போது ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை பாருங்கள். அவருடைய வைரஸ் அளவு மறுபடி அடங்கியது என்று தாளில் வரும்வரை ஆணுறை. அவர்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கும், நியாயம்தான். அதை சதைப் பரிசோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 38. வண்டன்மேட்டில் மருந்து அடிக்கும் வேலை. ஆறு வருடமாகக் கூட்டு மருந்து, ஒரு நாள் விட்டதில்லை. வலது கண்ணில் வெள்ளையாகச் சதை வளர்கிறது. வெயிலில் வேலை செய்பவர்களுக்கு வருவதுதான், விடு என்கிறார்கள். விடலாமா?
- வாசகர், இடுக்கி மாவட்டம்

பதில்: விடக் கூடாது, தம்பி. வெயிலில் வருகிற சாதாரணச் சதை மூக்குப் பக்கத்திலிருந்து முக்கோணமாக, வருடக் கணக்கில் மெதுவாக நகரும். கருவிழியும் வெள்ளையும் சேரும் விளிம்பில் ஜவ்வரிசி மாதிரி வழவழவென்றோ, காகிதம் ஒட்டிய மாதிரி வெள்ளையாகவோ, சுற்றிலும் தடித்த ரத்தக் குழாய்களோடு சில மாதத்திலேயே வளர்ந்தால் அது கண் மேல்தோலின் புற்றாக இருக்கலாம். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம் வருகிறது, அதுவும் உங்களைப் போல இளம் வயதில். வெயிலும் ஒரு காரணம்தான், அதில் உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி சரி. நீங்கள் மாத்திரை தவறாதது பெரிய பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு ஆகாது.

சின்னதாக இருக்கும்போது சுற்றிலும் நாலு மில்லிமீட்டர் சேர்த்து வெட்டி, ஓரத்தை உறைய வைத்துவிடுவார்கள். சிலருக்கு இன்டர்ஃபெரான், மைட்டோமைசின் சொட்டு மருந்தே போதும். விட்டால் கண்ணுக்குள் போகும், கண்ணையே எடுக்க வேண்டிவரும். மதுரை அரவிந்த் மாதிரி கண் புற்றைப் பார்க்கத் தனிப் பிரிவு உள்ள இடத்துக்குப் போங்கள். போகும்போது ஹெச்.ஐ.வி. இருப்பதை மறைக்காதீர்கள். அதைச் சொன்னால்தான் டாக்டர் சாதாரணச் சதை என்று தள்ளிவிடமாட்டார்.

கேள்வி: ஆண்குறியில் மரு. சுட்டு எடுக்கப் போன இடத்தில் நான் பாசிட்டிவ் என்று சொன்னதும் 'மெஷின் ரிப்பேர்' என்று அனுப்பிவிட்டார்கள். எருக்கம்பால் வைக்கலாமா?
- 29, செங்கோட்டை

பதில்: எருக்கம்பாலை அந்த இடத்தில் வைத்துவிட்டு வந்த ஒருவருக்கு நான் மூன்று வாரம் புண்ணுக்குக் கட்டுப் போட்டேன். வேண்டாம்.

அந்த மெஷின் உங்களுக்கு முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் ஓடியிருக்கும். ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-ல் வந்து, 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கிறது. தொற்றைக் காரணம் காட்டி வைத்தியம் மறுப்பது அதன்படி தடை செய்யப்பட்ட பாகுபாடு. மாநிலக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 1097 என்ற இலவச எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். புகார் ஒரு பக்கம் இருக்கட்டும், மருவை அரசு மருத்துவமனைப் பால்வினை நோய்ப் பிரிவில் காட்டுங்கள். உறைய வைப்பது, சுடுவது, மருந்து தடவுவது என்று நாலு வழி இருக்கிறது. மரு கெட்டியாகி அடி தடித்தாலோ, நடுவில் புண்ணாகி ரத்தம் கசிந்தாலோ, சுடும் முன் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மரு தரும் ஹெச்.பி.வி. வைரஸின் சில வகைகள் ஆண்குறியிலும் ஆசனவாயிலும் புற்றை உண்டாக்கும், ஹெச்.ஐ.வி. இருந்தால் அந்த வாய்ப்பு கூடும். மனைவி இருந்தால் அவரையும் கர்ப்பப்பை வாய் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். அவரும் பாசிட்டிவ் என்றால் 25 வயதிலிருந்தே மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு எல்லாத் தோல் புற்றுநோயும் வரும் என்று படித்தேன். உண்மையா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், களியக்காவிளை

பதில்: நீங்கள் படித்தது பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்களின் கணக்கு, ஐயா. அங்கே வெயிலால் வரும் சாதாரணத் தோல் புற்றுகள் ஹெச்.ஐ.வி. உள்ளவர்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. நமக்குத் தோலின் கருமையே குடை. நம் ஆட்களிடம் நான் பார்ப்பது பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் கிளம்பும் புற்று. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் அடுப்பில் சுட்டுக்கொண்ட கை, இருபது வருடம் கழித்து வெடித்து ஆறாமல் நிற்கும். அது தொற்று இல்லாதவர்களுக்கும் வரும். தொற்று இருந்தால் வேகம் கூடலாம், அறுவையில் இன்னும் கவனம் வேண்டும். மெர்க்கெல் செல் என்ற அபூர்வமான ஒன்றும் இருக்கிறது, வலியில்லாமல் வேகமாக வளரும் சிவந்த உருண்டை. அதன் வைரஸை 2008-ல் கண்டுபிடித்தது யுவான் சாங், பாட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்கூடம். மேலே சொன்ன கபோசி வைரஸும் இதே தம்பதி கண்டுபிடித்ததுதான். ஒரு வீட்டில் இரண்டு புற்றுநோய் வைரஸ்! எங்கள் வீட்டில் சாவிக்கொத்தைக் கண்டுபிடிக்கவே நாங்கள் இரண்டு பேரும் சேர வேண்டியிருக்கிறது.

கேள்வி: சீசனுக்கு ஆறு மாதம் நெடுங்கண்டத்தில் தங்குவேன். மாத்திரைக்கு ஒவ்வொரு மாதமும் இறங்கி வர முடியவில்லை. அப்புறம் ஒரு சந்தேகம்: எங்களைப் போன்றவர்களைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்ப்பீர்களா?
- வாசகி, உத்தமபாளையம்

பதில்: கூலி போகும் என்று மாத்திரையை விடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், அதனால் இதை வாய்விட்டுக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. ஒழுங்காக வருபவர்களுக்கு இரண்டு மூன்று மாத மாத்திரையை மொத்தமாகத் தருகிறார்கள், கவுன்சலரிடம் கேளுங்கள். நீண்ட நாள் தங்குவதென்றால் கேரளத்து மையத்துக்கே மாற்றல் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அங்கே ஏஆர்டி மையத்துக்கு 'உஷஸ்' என்று பெயர், நம் நம்பிக்கை மையத்தை 'ஜ்யோதிஸ்' என்பார்கள். பெயர் தெரியாமல் போய் ஆஸ்பத்திரி வாசலில் சுற்றாதீர்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? கூட்டு மருந்து அதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், அல்லது ஆறு மணி நேரம் பின்னால்.

தொட்டுப் பார்க்கக் கையுறை போடமாட்டேன். காயம் இல்லாத தோலைத் தொட்டுப் பார்க்க அது தேவையே இல்லை. தடிப்பா, கெட்டியா, சூடா என்பது விரலுக்குத்தான் தெரியும். ரத்தம் கசிகிற புண் என்றால், சதை எடுப்பதென்றால் போடுவேன். அது நீங்கள் வந்தாலும் போடுவேன், கலெக்டர் வந்தாலும் போடுவேன்.